‘பள்ளிகளில் உடைக் கட்டுப்பாடு தேவையா?’ என்ற கட்டுரைக்கு என் மகள் எந்தப் பக்கம் எடுக்கலாம்?

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு இந்தத் தலைப்பில், படிப்பவரைத் தன் கருத்துக்கு இணங்கவைக்கும் கட்டுரை ஒன்றை எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள் என்றும், ஆதரித்தால் மதிப்பெண் கிடைக்குமா எதிர்த்தால் கிடைக்குமா என்றும், இணையத்தில் உள்ள மாதிரிக் கட்டுரையைத் தழுவி எழுதலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் திருநெல்வேலிக்காரர் என்று குறிப்பிட்டிருப்பதால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்; வேறு ஊர்க்காரர் கேட்டிருந்தால் கடந்து போயிருப்பேன். நான் ஆசிரியை அல்லள். தமிழ் இலக்கியம் படித்துவிட்டுக் கூட்டுறவு வங்கி ஒன்றில் எழுத்தராக இருப்பவள். ஆனால் என் தந்தையார் பாளையங்கோட்டையில் பள்ளிச் சீருடை தைத்தே எங்களைப் படிக்கவைத்தவர். என் மகள் படிக்கும் பள்ளியின் உடை விதி ஒன்றை மாற்றக் கோரி மனு எழுதி, அதில் பாதியளவு வென்றும் இருக்கிறேன். மதிப்பெண்ணுக்கு எழுதும் கட்டுரைக்கும் காரியம் நடக்க எழுதும் மனுவுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கக்கூடும். யாரையும் இணங்கவைக்க முடியாத கட்டுரைக்கு எதை வைத்து மதிப்பெண் போடுகிறார்கள் என்பதை அவர்கள் எனக்கு விளக்கினால், நானும் இதை விளக்குகிறேன்.

பக்கத்தை முடிவு செய்வதற்கு முன்னால் உங்கள் மகள் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. நன்னூல் பாயிரத்தில் எழுவகை மதம் என்று ஒரு நூற்பா வரும். ஒரு கருத்தை எதிர்கொள்ளும் நூலாசிரியர் கொள்ளக்கூடிய ஏழு நிலைகளை அது எண்ணிச் சொல்கிறது. உடன்படல், மறுத்தல் ஆகியவை முதல் இரண்டு. மூன்றாவது, ‘பிறர்தம் மதமேற்கொண்டு களைவு’. அதாவது, மாற்றுக் கருத்தை முதலில் தானே ஏற்று நின்று, அதன் வலுவை முழுவதும் காட்டிவிட்டு, பிறகு அதை நீக்குவது. நம் பிள்ளைகளுக்கு முதல் இரண்டை மட்டுமே பழக்குகிறோம். பேச்சுப் போட்டியில் சீட்டுக் குலுக்கிப் பக்கம் பிரித்துக் கொடுக்கிறோம், குரல் உயர்ந்தவருக்குக் கோப்பை கொடுக்கிறோம், எதிர்ப்பக்கத்துக்கு ஒரு நியாயமும் இல்லை என்று சொல்பவரைத் துணிச்சல்காரர் என்று மேடையிலேயே பாராட்டுகிறோம். நடுவர்கள் மீது எனக்குப் பழைய மனத்தாங்கல் உண்டு என்பதை மறைக்கவில்லை. ஆனால் நான் சொல்வது பொய்யா என்று எந்தப் போட்டிக்கு வேண்டுமானாலும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் மகள் சீருடையை எதிர்த்து எழுதுவதானால், அதை ஆதரிப்பவர் தாமே படித்தாலும் ‘ஆம், நான் நினைப்பது இதுதான்’ என்று ஒப்புக்கொள்ளும்படி ஒரு பத்தி எழுத வேண்டும். ஆதரித்து எழுதுவதானாலும் அப்படியே.

அந்தப் பத்திக்கு வேண்டிய பொருள் இரு பக்கத்துக்கும் நம் வட்டாரத்திலேயே கிடைக்கிறது.

சீருடைக்கு ஆதரவான வாதம் எனக்கு அப்பாவின் கடையில் கிடைத்தது. வைகாசி பிறந்துவிட்டால் கடை வாசலில் நிற்க இடமிருக்காது. முக்கூடல் பக்கமிருந்து பீடி சுற்றும் பெண்கள் பேருந்தில் வந்து இறங்கி, பிள்ளையை அளவெடுக்க நிறுத்திவிட்டு, “வளருத பிள்ளை அண்ணாச்சி, உள்ள தாராளமாத் துணி விட்டுத் தைங்க” என்பார்கள். அப்பா பாவாடையின் அடிவிளிம்பில் நான்கு விரல் அகலத்துக்குத் துணியை உள்ளே மடித்துத் தைத்துக் கொடுப்பார். பிள்ளை வளர வளர மடிப்பைப் பிரித்து இறக்கிவிடுவார்கள். வெயிலும் வெளுப்பும் படாமல் உள்ளே கிடந்த துணி மட்டும் கருநீலமாகவும், மேலே உள்ளது வெளிறியும் நிற்கும். அந்தப் பட்டைகளைப் பார்த்தே பாவாடையின் வயதைச் சொல்லிவிடலாம். ஆகவே, சீருடை அணிந்தால் ஏழை, பணக்காரர் என்ற வேறுபாடு தெரியாமல் போகும் என்று மாதிரிக் கட்டுரைகளில் வரும் வரி உண்மையன்று, நன்றாகவே தெரியும். ஆனால், பட்டை விழுந்த நீலப் பாவாடையோடு ஒரு பெண் வகுப்பில் தலைநிமிர்ந்து உட்கார்ந்துவிடுவாள். தீபாவளிக்கு எடுத்த ஒரே நல்ல உடையை வாரம் முழுவதும் அணிந்து வர வேண்டியிருந்தால், வாரக் கடைசியில் அவள் பள்ளிக்கு வரவேமாட்டாள். சீருடை செய்யும் உதவி அவ்வளவுதான். அது சிறிதும் அன்று.

இந்த உதவியின் வேரும் நம் மண்ணில் இருக்கிறது. 1956-இல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியபோது அவ்வூர் பழைய திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. சோறு போட்ட அதே காமராசர் ஆட்சிதான் ஏழைப் பிள்ளைகளுக்குச் சீருடையையும் கொண்டுவந்தது. இன்று சத்துணவுத் திட்டத்தில் உள்ள 1 முதல் 8 வரையிலான வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு ஆண்டுக்கு 4 இணைச் சீருடை தருகிறது. கூட்டுறவுச் சங்க நெசவாளர்கள் துணி நெய்ய, மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் தைத்துக் கொடுக்கின்றன. அளவு சரியில்லை என்று அதைப் பிரித்துத் தைக்க அப்பாவிடம் கொண்டுவந்தவர்களும் உண்டு. அதற்காகத் திட்டமே வீண் என்று அவர்களுள் ஒருவர் சொல்லியும் நான் கேட்டதில்லை.

எதிர்ப்பக்கத்துக்கான சான்றுக்கும் நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் பழைய தென் திருவிதாங்கூர். நாடார் உள்ளிட்ட சமூகங்களைச் சேர்ந்த பெண்கள் மேலாடையால் மார்பை மறைக்கக் கூடாது என்பது அங்கே இருந்த உடைக் கட்டுப்பாடு. பல பத்தாண்டுகள் நீண்ட தோள்சீலைப் போராட்டத்துக்குப் பிறகு 1859 ஜூலை 26-இல் மன்னரின் அறிவிப்பு வந்தது. மேலாடை அணியலாம் என்று சொன்ன அந்த அறிவிப்பிலும், மேல்சாதிப் பெண்கள் அணியும் விதத்தில் அணியக் கூடாது என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டிருந்தது. ஒழுங்கு, வழக்கம், மரியாதை என்ற பெயர்களில் ஒருவர் இன்னொருவரின் உடையை அளக்கத் தொடங்கினால் அது எங்கே போய் நிற்கும் என்று கேட்பவருக்கு இதைவிட வலுவான ஆதாரம் தேவையில்லை.

இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும் பிள்ளை, ‘கட்டுப்பாடா, சுதந்திரமா’ என்ற பட்டிமன்றத் தலைப்பிலிருந்து தானாகவே வெளியே வந்துவிடும். திருவிதாங்கூர் விதி பிறப்பை உடம்பின் மேல் எழுதிக் காட்டுவதற்காக இருந்தது. பள்ளிச் சீருடை அதை மூடுவதற்காக வந்தது. ஓர் உடை விதி நம் முன்னால் வரும்போது, அது பிள்ளையிடமிருந்து எதை வெளியே தெரியவைக்கிறது, எதை மறைக்கிறது, அதனால் பக்கத்து இருக்கைப் பிள்ளைக்கு என்ன நேர்கிறது என்று கேட்டாலே பாதி வழக்கு தீர்ந்துவிடும். சீருடை வேண்டும், ஆனால் சீருடையின் பெயரால் சேர்த்துக்கொண்டே போகும் துணை விதிகளில் பெரும்பகுதி வேண்டாம் என்பது என் கட்சி. இரண்டு பக்கமும் கால் வைக்கிறாள் என்று சொல்வீர்களானால், நன்னூலார் இதற்கும் ஓரிடம் வைத்திருக்கிறார். இருவர் மாறுபட்டுச் சொன்னவற்றுள் ஆராய்ந்து ஒருபக்கம் துணிவதற்கு முன்னால், இருவர் சொன்னதையும் முழுவதும் கேட்டாக வேண்டும்.

இனி என் மனுவின் கதை. என் மகளின் பள்ளியில், பெயர் வேண்டாம், ஆறாம் வகுப்பு முதல் பெண் பிள்ளைகள் மட்டும் சுடிதாருக்கு மேல் கையில்லாத கோட் அணிய வேண்டும் என்று விதி. பாலியெஸ்டர் கலந்த கனத்த துணி. அதையும் பள்ளியிலேயே, அவர்கள் சொல்லும் விலைக்குத்தான் வாங்க வேண்டும். குற்றாலத்தில் சாரல் விழும் ஆனி, ஆடியிலும் பாளையங்கோட்டையில் வெயில் குறைவதில்லை என்பது உங்களுக்கே தெரியும். வகுப்பறை மொட்டைமாடிக்கு நேர்கீழே. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்குக் கொதித்தார்கள். வழக்கறிஞரான தந்தை ஒருவர் மனு எழுதினார். அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவில் தொடங்கி, நிர்வாகத்தின் பேராசையை வழியில் நலம் விசாரித்து, நுகர்வோர் நீதிமன்றத்தில் போய் முடிந்த மனு அது. நாங்கள் எல்லோரும் கையெழுத்திட்டோம். தலைமையாசிரியை அதை வாங்கி மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார். பருவத் தேர்வு முடியும்வரை அது அங்கேயே இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவரையே நீதிபதியாக்கி அவரிடமே தீர்ப்புக் கேட்பது போன்ற அந்த மனுவுக்கு, அவர் வேறு என்ன செய்திருக்க முடியும்?

இரண்டாவது மனுவை நான் எழுதினேன். ஒரே பக்கம். எழுதுவதற்கு முன், இந்தக் கோட் எப்படி வந்தது என்று பழைய மாணவிகளின் தாய்மாரிடம் விசாரித்தேன். சுடிதார்த் துணி மெல்லியதாக இருக்கிறது, பிள்ளைகள் பேருந்தில் வரக் கூசுகிறார்கள் என்று பெற்றோரே முறையிட்டதன் பேரில்தான் கோட் வந்திருக்கிறது. மனுவின் முதல் பத்தியில் அதைத்தான் எழுதினேன்: பெற்றோரின் கவலையைப் பள்ளி மதித்ததால் வந்த விதி இது, அந்தக் கவலை இன்றும் நியாயமானது என்று. வாட்ஸ்அப் குழுவில் அந்தப் பத்தியைப் படித்த சிலர், நிர்வாகத்துக்குக் குடை பிடிக்கிறேன் என்று எழுதினார்கள். அடுத்த பத்தியில், உடற்கல்வி ஆசிரியையின் காலடிச் சத்தம் கேட்டால் மட்டும் பிள்ளைகள் கோட்டின் பொத்தானைப் பூட்டுவதையும், அவர் போனதும் கழற்றி மடியில் வைத்துக்கொள்வதையும், ஆக இந்த விதி கண்காணிப்பு உள்ள நேரத்தில் மட்டுமே உயிரோடு இருப்பதையும் எழுதினேன். மூன்றாவதாக, சுடிதாரின் மேற்பகுதிக்குப் பருத்தி லைனிங் கொடுத்துத் தைத்தால் கோட் செய்யும் வேலையை அதுவே செய்துவிடும் என்றும், அடுத்த பருவம் மட்டும் சோதித்துப் பார்க்கலாம் என்றும், பிடிக்காவிட்டால் பழைய விதிக்கே திரும்பலாம் என்றும் கேட்டேன். அப்பா அதே துணியில் லைனிங் வைத்துத் தைத்துக் கொடுத்த சுடிதார் ஒன்றையும் மனுவோடு இணைத்தேன். என் மூன்று பத்தியையும்விட அந்தத் தையல் நன்றாக வாதாடியது என்றே நினைக்கிறேன். தலைமையாசிரியை அதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். பிறகு தாளாளரிடம் கொண்டுபோனார்.

வகுப்பறையில் கோட் வேண்டாம், காலை வழிபாட்டுக்கும் விழா நாட்களுக்கும் மட்டும் போதும் என்று முடிவாயிற்று. துணியை வெளியே வாங்கிக்கொள்ள அனுமதி கேட்ட கடைசி வரிக்கு மட்டும் பதிலே இல்லை. அது இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. அந்த வரிக்குப் பின்னால் பணம் இருந்தது, பணத்துக்கு என்னால் மறுப்பு எழுத முடியவில்லை.

ஆனால் அன்று தலைமையாசிரியை என்னிடம் ஒன்று கேட்டார். “கோட்டைக் கழற்றக் கேட்டீர்கள், கொடுத்தோம். நாளை ஒரு தந்தை வந்து, என் மகன் கையில் கட்டியிருக்கும் கயிறும் அவன் விருப்பம் என்று சொன்னால், அப்போதும் வந்து பேசுவீர்களா?” பேசுவேன், ஆனால் உங்கள் பக்கம் நின்று பேசுவேன் என்றேன்.

கயிறு என்றால் என்னவென்று வெளியூர் வாசகருக்கு ஒரு வரி. நம் மாவட்டப் பள்ளிகளில் மாணவர்கள் மணிக்கட்டில் கட்டும் வண்ணக் கயிறுகளில் பல, எந்த நிறச் சேர்க்கை எந்தச் சாதி என்று பார்த்தவுடன் சொல்லிவிடக் கூடியவை. எல்லோரும் ஒரே நிறச் சட்டை போட்டிருக்கும் இடத்தில், சட்டை மறைத்ததைக் கயிறு சொல்லிவிடுகிறது. 2019-இல் இத்தகைய அடையாளங்கள் உள்ள பள்ளிகளைக் கண்டறியுமாறு பள்ளிக் கல்வி இயக்குநர் சுற்றறிக்கை அனுப்பியபோது, சமய நம்பிக்கையில் கை வைக்கிறார்கள் என்று எதிர்ப்புக் கிளம்பியது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சமூகத்து மாணவன் ஒருவனும் அவன் தங்கையும் தங்கள் வீட்டிலேயே, உடன்படிக்கும் மாணவர்களால் அரிவாளால் வெட்டப்பட்டார்கள். அதன் பிறகு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான ஒருநபர் குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி ஆகியவற்றையும், சாதியைக் காட்டும் வண்ணம் பூசிய மிதிவண்டியையும் பள்ளியில் தடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது.

தலைமையாசிரியை சொன்ன தந்தை, அடுத்த பெற்றோர் கூட்டத்திலேயே எழுந்தார். உரக்கடை வைத்திருப்பவர், எங்கள் தெருவுக்குத் தெரிந்தவர். “எம் பிள்ளை கையில கெடக்கது குலதெய்வக் கோயில் கயிறு. அதை அறுக்கச் சொல்ல பள்ளிக்கூடத்துக்கு என்ன உரிமை?” என்றார். கூட்டத்தில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். எனக்கும் கோயில் கயிற்றின் மீது மரியாதை உண்டு என்று தொடங்கினேன். அது வாய்வார்த்தை அன்று, என் மகளுக்கும் கட்டியிருக்கிறேன். “அண்ணாச்சி, சாமிக்குக் கட்டுனதுன்னா அரைஞாணாக் கட்டுங்க, இல்லன்னா சட்டைக்கு உள்ள புஜத்துல கட்டுங்க. சாமிக்குத் தெரியாமலா போயிரும்?” என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. பின்வரிசையிலிருந்து இன்னொருவர், “வெளிய தெரியாமக் கட்டுததுக்கு எதுக்கு மதினி கயிறு?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் நான் சொல்ல வேண்டிய மிச்சத்தை அவரே சொல்லிவிட்டதால் நான் உட்கார்ந்துவிட்டேன். அடுத்த வாரம் அந்தப் பையனின் மணிக்கட்டில் கயிறு இல்லை. அது புஜத்துக்கு ஏறியதா, புத்தகப் பைக்குள் போயிற்றா என்று யாரும் சோதிக்கவில்லை. சோதிக்க வேண்டாம் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். கயிறு கழன்றால் சாதி கழன்றுவிடும் என்று நான் சொன்னதாக யாரும் கருத்துப் போட வேண்டாம். அது வீட்டிலும் தெருவிலும் கைப்பேசியின் ஸ்டேட்டஸிலும் இருக்கிறது. வகுப்பறைக்குள் இருக்கும் சில மணி நேரத்துக்காவது அது மணிக்கட்டில் எழுந்து நிற்க வேண்டாம் என்பதே என் கோரிக்கை.

இதைப் படித்ததும், ‘அப்படியானால் ஹிஜாப் பற்றி என்ன சொல்கிறீர்கள்’ என்று கேட்பவர்கள் வருவார்கள். வகுப்பறையில் ஹிஜாப் அணியக் கூடாது என்ற தடை பற்றிய கர்நாடக வழக்கில் 2022 மார்ச்சில் உயர் நீதிமன்றம் அத்தடையை ஏற்றது; அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் ஆளுக்கொரு பக்கம் தீர்ப்பளித்தார்கள். நீதிபதிகளே பிரிந்து நின்ற இடத்தில் எழுத்தர் ஒருத்தியின் கருத்துக்கு எடை குறைவுதான். ஆயினும் மேலப்பாளையத்துப் பிள்ளைகளோடு படித்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: தலைத்துணி அணிந்த என் தோழியைப் பார்த்து வகுப்பில் வேறு எவரும் தம்மைத் தாழ்ந்தவராக உணர்ந்ததில்லை. அவளை வாசலில் நிறுத்தியிருந்தால் அவள் படிப்புத்தான் நின்றிருக்கும். திருநீறும் குங்குமமும் அப்படியே, அவை இன்னொரு பிள்ளையை அளக்கும் கோலாக மாறாதவரை. இந்த ஓரிடத்தில் நான் குழுவின் பரிந்துரையோடு முழுவதும் உடன்படவில்லை.

மாதிரிக் கட்டுரையைப் பற்றிக் கேட்டீர்கள். இணையத்தில் உள்ளவற்றில் பெரும்பாலானவை அமெரிக்கப் பிள்ளைகளுக்காக எழுதப்பட்டவை. வியட்நாம் போரை எதிர்த்து 1965-இல் டெ மாய்ன் நகர மாணவர்கள் கையில் கறுப்புப் பட்டை கட்டிப் பள்ளிக்கு வந்ததையும், பள்ளி அவர்களை விலக்கி வைத்ததையும், 1969-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் மாணவர்களுக்குச் சார்பாக 7-க்கு 2 என்று தீர்ப்பளித்ததையும் அவற்றில் பார்க்கலாம். நல்ல தீர்ப்பு, உங்கள் மகள் தாராளமாகப் பயன்படுத்தட்டும். ஆனால் அந்தப் பட்டை அரசாங்கத்தைப் பார்த்துப் பேசியது, நம் ஊர்க் கயிறு பக்கத்து இருக்கைப் பிள்ளையைப் பார்த்துப் பேசுகிறது. கை ஒன்றுதான், கட்டியது வேறு. பள்ளி நடைமுறையைப் பெரிதும் குலைக்காத, பிறர் உரிமையில் குறுக்கிடாத வெளிப்பாட்டுக்குத்தான் அந்த நீதிமன்றமும் காப்புக் கொடுத்தது. இந்த வேறுபாட்டை அவள் ஒரு பத்தியில் எழுதிவிட்டால், மாதிரியைப் பார்த்து எழுதினாள் என்று எவரும் சொல்ல முடியாது.

என் யோசனை, கட்டுரையை ‘உலகப் பள்ளிகள்’ அனைத்துக்குமாக எழுதாமல், தன் பள்ளியின் ஏதாவது ஒரு விதியை எடுத்துக்கொண்டு, அதை மாற்றும் அதிகாரம் உள்ளவரை முன்னால் உட்காரவைத்து எழுதட்டும். இரட்டைச் சடையோ, ரிப்பனோ, கறுப்பு ஷூவோ, எதுவானாலும் சரி. அந்த விதி ஏன் வந்தது என்று பள்ளியில் வெகுநாளாக வேலை பார்க்கும் ஒருவரிடம் முதலில் கேட்டு வரட்டும். நான் சொன்ன கோட்டுக்குப் போலவே ஒரு காரணம் இருக்கும், அல்லது காரணமே எவருக்கும் நினைவிருக்காது. இரண்டுமே எழுதத் தக்கவை. ‘முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்ற தலைப்புகள் எங்கே’ என்று ஆசிரியர் கேட்டால், அந்த மூன்றையும் ஓரத்தில் சிவப்பு மையால் எழுதிக் கோடிட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள்; அதற்கு மட்டும் மதிப்பெண் போடுபவர்களும் இருக்கிறார்கள்.